கஞ்சி வீட்டு ஜெபம்

எங்கள் சபையில் ஒருவர் ஜெப நேரத்தில் கண்ணை மூடுவதே இல்லை என்று ஒரு புகார் கிளம்பியது. போதகரிடம் அதைக் கொண்டுபோனவர் சபைச் செயலாளர். "முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறாருங்க ஐயா. ஆமென் சொல்ற வரைக்கும் இமைகூட ஆடல" என்றாராம். போதகர் தாடியைச் சொறிந்துகொண்டு, "ஆமென் வரைக்கும் ஆடலன்னு நீங்க எப்படிக் கண்டீங்க?" என்று கேட்டிருக்கிறார். செயலாளருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் பொழுது சாய்வதற்குள் தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஒரு வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை. சலவைக்கடை வீடு. புகார் அந்த வீட்டுக்காரரைப் பற்றியது.

அவருக்கு எங்கள் தெருவில் பேர் கஞ்சி. சின்னவர்களுக்குக் கஞ்சியண்ணன். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் என்பார்கள், அது பாராட்டு. ஆளும் அப்படித்தான், வளைய மாட்டார் என்பார்கள், அது வசவு. இரண்டுக்கும் ஒரே பேர் போதுமாக இருந்தது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவர் கடைக்கு நேர் எதிரே என்னுடைய சாவி வெட்டும் கடை. சாவி வெட்டுகிறவனுக்கு வேலையைவிட வேடிக்கை அதிகம். காலையில் முதல் வேலையாக அந்த வீட்டில் நீராவி கிளம்பும். ஹோட்டல் படுக்கை விரிப்புகள், மேஜை விரிப்புகள், தலையணை உறைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உள்ளே துவைக்கும் இயந்திரம் உருளுகிற சத்தத்தில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. அதனால் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தொண்டை பெரிது. புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொண்டாலும் தெருவுக்குச் சண்டை மாதிரிதான் கேட்கும். மூன்றாவது ஆள் அவர்களுடைய ஒரே மகள். ஒன்பது வயது. வாலு என்று கூப்பிடுவோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதற்கு ஊரில் பல கதைகள் இருக்கின்றன.

சாயங்காலம் எங்கள் ஆலய மணி அடிக்கும். மணி கேட்டதும் அந்த வீட்டில் யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நின்று, கண்ணை மூடி, மணி ஓயும்வரை ஜெபிக்க வேண்டும். இது கஞ்சியின் அப்பா போட்ட சட்டம். மகன் அதற்கும் நன்றாகக் கஞ்சி போட்டு வைத்திருந்தார். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் விட்டுவிட்டு ஜெபிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விலக்கு. வாலு ஓரக்கண்ணால் பார்த்து மாட்டிக்கொண்டால் காதைத் திருகுவார். "ஆண்டவர்கிட்டப் பேசும்போது அக்கம்பக்கம் உனக்கு என்னடி வேடிக்கை?" என்பார். அவர் கண்ணை மூடியிருந்தால் அவளைப் பார்த்தது எப்படி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

துவைக்கும் கூடம் மேட்டில் இருக்கிறது, துணி உலர்த்தும் முற்றம் பள்ளத்தில். நடுவில் சிமெண்டுச் சரிவு. ஈரத் துணி ஏற்றிய இரும்புத் தள்ளுவண்டியைச் சரிவின் உச்சியில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, பிறகு பிடித்துப் பிடித்து இறக்குவார்கள். அன்றைக்கு முட்டுக்கட்டையை எடுத்தாகிவிட்டது. சக்கரத்துக்குத் தன் காலையே முட்டாக வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் போகும் நேரத்தில் மணி அடித்தது. கஞ்சி கைகூப்பிக் கண்ணை மூடினார். ஜெபத்தில் உருகி நின்றவருக்குக் கால் விலகியது தெரியவில்லை. கீழே கொடிக் கம்பிக்குப் பக்கத்தில், கிளிப்பு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, வாலுவும் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள்.

வண்டி அவளைச் சுவரோடு சேர்த்து நெரித்தது. நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் அவளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குமேல் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

முதலில் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பிறகு தொடை எலும்பில் தகடு வைத்து, முட்டியைத் துண்டு துண்டாகச் சேர்த்து, பார்க்கலாம் என்றார்கள். அந்தப் 'பார்க்கலா'மைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்கள். கால் பிழைத்தது. ஆனால் வேறு ஒன்று வந்து சேர்ந்தது. வாலு கண்ணை மூட மறுத்தாள். மூடினால் சக்கரச் சத்தம் கேட்கிறது, வண்டி வருகிறது என்றாள். தூக்கம் தானாக வந்து அவளைச் சாய்த்தால்தான் உண்டு. முகம் துடைக்கும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறகு மற்றதை மாற்றிக்கொள்வாள்.

போதகர் பார்க்க வந்தார், நானும் கூடப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி நின்றோம். அவர் பழக்கதோஷத்தில், "கண்களை மூடிக்கொள்வோம்" என்றார். அவ்வளவுதான், பிள்ளை வீறிட்டாள். நர்ஸ் ஓடிவந்தாள். கஞ்சி மகளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு, "மூடாதடா. யாரு சொன்னாலும் மூடாத. இங்க பாரு, அப்பாவும் மூடல" என்றார். பிறகு போதகருக்காகக் காத்திராமல் தானே ஜெபித்தார். கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே, நாங்க உம்மோட பேசிக்கிட்டு இருக்கும்போதுதான் இது நடந்துச்சு. வேற எவனோடயும் பேசிக்கிட்டு இருக்கல. பேச்சை நாங்க நிறுத்தப் போறதில்ல. ஆனா இனிமே என் வீட்ல எல்லாரும் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் பேசுவோம். கோவம்னா கோவிச்சுக்கும். ஆமென்."

போதகர் ஆமென் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று. நான் உடனே சொல்லிவிட்டேன். எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து சபையிலும் அவர் கண்ணை மூடவில்லை, முதலில் சொன்ன புகார் அதிலிருந்து கிளம்பியதுதான்.

வாலுவை வீட்டுக்குக் கொண்டுவந்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. இஸ்திரிக் கூடத்துக்குள்ளேயே கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டார்கள். அந்தக் கூடத்தின் நடுவில் இருக்கிற நீளமான இஸ்திரி மேஜைதான் வாலுவுக்குக் கட்டில். அதன்மேல் எப்போதும் கம்பளி விரித்திருக்கும், வெதுவெதுப்பாக இருக்கும். பயிற்சி கொடுக்க வந்த பிசியோ அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என் ஆஸ்பத்திரியிலகூட இந்த உயரத்துக்கு மேஜை கிடையாது" என்றார். கஞ்சி கொடிக்குழாய் இரண்டைக் கழற்றி இடுப்பு உயரத்துக்குப் பிடித்து நடப்பதற்கு வழி செய்துகொடுத்தார். ஒரு பக்கம் அம்மா தலையணை உறைகளைத் தேய்த்து அடுக்குவாள், மறுபக்கம் மகள் குழாயைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவாள். எல்லாவற்றின் மேலும் நீராவியும் கஞ்சி வாடையும்.

பிசியோ அம்மா ஒல்லியான உருவம், ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வருவார். கஞ்சி முதல் நாளே, "நீங்க எந்தச் சபைம்மா?" என்று கேட்டார். "எனக்கு சபையும் இல்ல சாமியும் இல்ல. எலும்பு, தசை, ரெண்டுதான்" என்று அவர் சொல்லிவிட்டுத் துண்டை உதறினார். கஞ்சிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆளைப் பிடித்துவிட்டது.

முட்டியை மடக்குகிற நேரம்தான் கொடுமை. இறுகிப்போன முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மடக்க வேண்டும். வாலு கத்துகிற கத்தலில் என் கடையில் சாவி வெட்டுகிற சத்தமே கேட்காது.

"ஏசப்பா! எங்க போனீங்க? வந்து புடிங்களேன்! சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்களே, வெக்கமா இல்லையா உங்களுக்கு!"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல், "கேளு, நல்லாக் கேளு" என்பாள்.

"திட்டு, திட்டு" என்று பிசியோ அம்மாவும் சேர்ந்துகொள்வார். "திட்டினா மூச்சு விடுவ. மூச்சு விட்டா தசை இளகும்."

இப்படி ஒரு கத்தல் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாலைந்து பேர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாடகர் குழுவில் முதல் குரல் பாடுகிற அக்கா முன்னால் வந்தாள். பிள்ளை ஆண்டவரைக் கேட்கிற கேள்வியைக் கேட்டு, அவளுக்கு வாய் திறந்தது மூடவில்லை. தொங்குகிற விரிப்புகளை ஒதுக்கிக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினாலும் முதல் குரல் முதல் குரல்தான்.

"ஸ்தோத்திரம் தங்கச்சி. தப்பா எடுத்துக்காத. ஜெபிக்கும்போது எங்களுக்கு ஒரு பாரம் வந்துச்சு. வீட்ல மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்க. புள்ளைக்கு நல்லது."

அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்து நிறுத்தினாள். உறையை மடித்தாள். அதன் விளிம்பை நகத்தால் நீவிவிட்டாள்.

"மறைவா ஒண்ணும் இல்லக்கா. எங்க வீட்டு அழுக்கு மட்டுமில்ல, இந்த ஊர் அழுக்கு பூரா எங்க தொட்டியிலதான் ஊறுது. யார் வீட்டு உறையில என்ன கறை, எத்தனை தடவை துவைச்சும் போகல, எல்லாம் எனக்குத் தெரியும். அறிக்கை பண்ணணும்னா சொல்லுங்க, வரிசையாப் பண்றேன். எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?"

குடைகள் வந்த வேகத்தில் திரும்பின. மேஜைமேல் வாலு, கண்ணில் நீர் வழிய, வலியை மறந்து சிரித்தாள். சிரித்த நேரம் பார்த்துப் பிசியோ அம்மா முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டார்.

கால் தேறி வந்தது. குழாயை விட்டாள், ஊன்றுகோலுக்கு வந்தாள். அதற்குமேல் நகரவில்லை. ஒரு நாள் பிசியோ அம்மா அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி, கோலை வாங்கிக்கொண்டு, "இப்ப கண்ணை மூடிக்கிட்டு நில்லு" என்றார்.

வாலு அசையவில்லை. கஞ்சி தொட்டியிலிருந்து ஈரக் கையோடு வந்தார்.

"இந்த வீட்ல கண்ணை மூடுற வேலையே கிடையாதும்மா. வேற ஏதாவது சொல்லுங்க."

"வேற இல்லைங்க. கண்ணைத் திறந்துக்கிட்டு நின்னா கண்ணுதான் இவளை நிறுத்துது. காலு வேலையே செய்யல. கண்ணை மூடினாத்தான் காலு தானா நிக்கக் கத்துக்கும். இது வராம நான் கோலை விடச் சொல்ல மாட்டேன். விட்டா எங்கயாவது இருட்டுல, கூட்டத்துல, தண்ணியில விழுவா. மறுபடி அந்தத் தகடு உடைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"கோலோட நடக்கட்டும்."

"வாழ்நாள் பூரா?"

"அது என் பொண்ணு பாடு."

பிசியோ அம்மா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கர்த்தர் கர்த்தர்ங்கறீங்க. இதுல கர்த்தரும் குறுக்க நிக்கல, எலும்பும் குறுக்க நிக்கல. நீங்கதான் நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்தது உண்மையான சண்டை. டீ கொண்டுபோன நான் டம்ளரோடு வாசலில் நின்றுவிட்டேன்.

"உங்க ரோஷத்துக்கு என் புள்ளை காலு பலியா?" என்றாள் அம்மா.

"ரோஷம் இல்லடி. அவ பயப்படுறா. மூடச் சொல்லி நான் எப்படிச் சொல்வேன்? மூடச் சொல்லிச் சொல்லித்தானே அங்க நிக்க வெச்சேன்? திறந்திருந்தா பாத்திருப்பா. விலகியிருப்பா."

"அதான் திறந்து வெச்சாச்சே, இப்ப காலு வந்துடுச்சா? ஆண்டவரோட சண்டைன்னா நீங்க போடுங்க. நானும் போடுறேன், தினமும் இந்தப் பெட்டியோட மல்லுக்கட்டிக்கிட்டே அவரோடயும் மல்லுக்கட்டுறேன். புள்ளையை நடுவுல நிறுத்தாதீங்க."

"நான் எங்கடி நிறுத்தினேன்? அவளுக்காகத்தான் நான்..."

"பாத்தேன்பா" என்றாள் வாலு.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் மேஜை விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாத்த?"

"வண்டியை. மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சுல்ல, அப்ப ஓரக்கண்ணால பாத்தேன். வண்டி அசைஞ்சுச்சு. நீ கண்ணை மூடியிருந்த. நான் பாத்ததை நீ பாத்துட்டா காதைத் திருகுவியேன்னு திரும்ப மூடிக்கிட்டேன். வண்டி நின்னுடும்னு நினைச்சேன்." ஆட்டிய காலை நிறுத்தினாள். "என் தப்புதான்பா. நீ ஏசப்பாவைத் திட்டாத."

 அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கஞ்சி பின்பக்கம் போய், மழையில், அந்தச் சரிவின் உச்சியில் நின்றார். தூணைப் போல நின்ற ஆள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் காதைத் தானே பிடித்துத் திருகினார். சும்மா தொட்டு விடுகிற திருகல் இல்லை. நான் டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் கையைப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த மனிதரை அவ்வளவு நாளில் நான் தொட்டதே அன்றைக்குத்தான்.

உள்ளே வந்தபோது அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளுக்கு முன்னால் நின்றார்.

"இங்க பாரு. தப்பு உன்னுது இல்ல. ஆண்டவரோடதும் இல்ல, அவர்கிட்ட நான் போட்ட சண்டையில பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும், அவருக்கும் எனக்கும் பேச்சு இருக்கு. தப்பு என்னுது. பாக்க வேண்டிய ஆளு நான். நான் மூடிக்கிட்டு, உன்னையும் மூட வெச்சேன். இனிமே பாக்கறது என் வேலை. நீ மூடலாம். நீ மூடுற நேரமெல்லாம் நான் முழிச்சிருப்பேன். வேற எவன் வந்து என்ன சொன்னாலும் சரி."

"தும்மல் வந்தா?" என்றாள் வாலு.

"என்னது?"

"தும்மல் வந்தா கண்ணு தானா மூடிக்கும்லப்பா."

"அப்ப அம்மா பாப்பா" என்றார் கஞ்சி. அம்மா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து நின்று பார்த்தார்கள். அப்பா எதிரே மண்டியிட்டு, இரண்டு கையையும் அவள் இடுப்புக்கு அருகில், தொடாமல் வைத்துக்கொள்வார். அவள் மூடுவாள், உடனே திறந்துவிடுவாள். "வருதுப்பா." "வரல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டை போட்டிருக்கு." மறுபடி மூடுவாள், திறந்துவிடுவாள். பிசியோ அம்மா எண்ண ஆரம்பித்தால் மூன்றைத் தாண்டியதே இல்லை. ஆனால் மூன்று வரைக்கும் வந்துவிட்டாளே என்று அவர் இரண்டு முட்டை கூடுதலாக அவிக்கச் சொன்னார். ஒன்று வாலுவுக்கு, ஒன்று தனக்கு.

இந்த நேரத்தில்தான் செயலாளர் வந்தார். மழை விட்டிருந்தது. முற்றத்தில் விரிப்புகள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை, பிள்ளையைக் கூட்டிவந்து குடும்பமாக முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார். கஞ்சி சரி என்றார். செயலாளர் போகாமல் நின்றார்.

"ஒரு சின்ன விஷயம்ணே. ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கும்போது நடந்துச்சுன்னு சொல்ல வேணாம். வண்டி உருண்டுச்சு, காலு போக இருந்துச்சு, கர்த்தர் காப்பாத்தினார். அவ்வளவு போதும். வேணும்னா பிசாசு தள்ளிவிட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். புதுசா நாலு பேரு வர்ற இடம், பயந்துடுவாங்க இல்ல?"

"பிசாசு தள்ளலியே."

"ஒரு பேச்சுக்குண்ணே."

"சாட்சின்னா பாத்ததைச் சொல்றது. பேச்சுக்குச் சொல்றதுக்குப் பேரு வேற" என்றார் கஞ்சி. "எங்ககிட்ட ஒரு துணி வந்தா, கறை இருக்கா, கிழிசல் இருக்கான்னு வாங்கும்போதே காட்டித்தான் வாங்குறோம். ஆண்டவர்கிட்டக் கொண்டுபோறதை மட்டும் மடிச்சு மறைச்சுக் கொண்டுபோகணுமா?"

"அப்படின்னா பேசறதுக்கு வாய்ப்புக் குடுக்கறது கஷ்டம்ணே. அப்புறம் அந்தக் கண்ணு விஷயம். அன்னிக்காவது கொஞ்சம் மூடிக்கிட்டா நல்லா இருக்கும்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணே, உங்க சட்டை ரெண்டு ரெடியா இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. கஞ்சி வீட்டார் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் உடுப்பும் தகடு மாதிரி விறைத்து நின்றது. வாலுவின் கவுனில் மடிப்பைத் தொட்டால் கையை வெட்டும் போலிருந்தது. கடைசி வரிசையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பத் தயாராக, பிசியோ அம்மா. வாலு கூப்பிட்டா, வந்தேன், எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்று கேட்காமலே என்னிடம் சொன்னார்.

செயலாளர் சாட்சி நேரத்தை நடத்தினார். வேலை கிடைத்தவர் வந்தார், காய்ச்சல் தீர்ந்தவர் வந்தார். கஞ்சி வீட்டைத் தாண்டிப்போய், "இத்தோடு சாட்சி வேளை நிறைவடைகிறது" என்றார். கஞ்சி எழுந்தார். ஒரு பக்கம் மகள் கோலை ஊன்றிக்கொண்டு, மறுபக்கம் மனைவி. மூவரும் நடுப்பாதையில் நடந்தார்கள். கோல் தரையில் தட்டுகிற சத்தத்துக்கு ஒவ்வொரு வரிசையாகத் தலை திரும்பியது. செயலாளர் ஒலிவாங்கியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். பாவம், யாரிடம் போய் அதைச் செய்தார். துவைக்கிற இயந்திரத்தோடு வாழ்நாள் முழுக்கப் போட்டிபோட்ட தொண்டை அது.

"ஸ்தோத்திரம்" என்றார் கஞ்சி. கடைசி வரிசையில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டது. "எம் பொண்ணு மேல வண்டி ஏறினது எல்லாருக்கும் தெரியும். எப்படி ஏறுச்சுன்னு தெரியாது. பிசாசு தள்ளல. மணி அடிச்சுச்சு, ஜெபம் பண்ண நின்னேன், காலை எடுத்துட்டேன். கீழ இவளும் ஜெபத்துல நின்னா. ஓரக்கண்ணால வண்டியைப் பாத்தா. பாத்துட்டு, நான் காதைத் திருகுவேன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டா."

 அவர் முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தார்.

"ஆண்டவருக்குப் பயப்படச் சொல்லிக் குடுத்தேன்னு நினைச்சேன். எனக்குப் பயப்படத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். இந்தக் காலை அவர்தான் காப்பாத்தினார், அதுக்கு நன்றி. டாக்டருங்க காப்பாத்தினாங்க, அதோ பின்னால உக்காந்திருக்காங்களே பிசியோ அம்மா, அவங்க காப்பாத்தினாங்க, அதுக்கும் நன்றி. முழுசா இன்னும் குணமாகல. அதையும் சொல்லிட்டேன். மறைவா ஒண்ணும் இல்ல."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் குரல் அக்கா கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். பிசியோ அம்மா குனிந்து இல்லாத எதையோ தரையில் தேடினார்.

போதகர் இறங்கி வந்து அவர்களுக்கு எதிரில் நின்றார். நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவர். கையை உயர்த்தி, "கண்களை..." என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, பிள்ளையைப் பார்த்தார். "ஜெபிப்போம்" என்று மாற்றிச் சொன்னார். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பழக்கம் விடுமா, ஆலயம் முழுக்கத் தலைகள் கவிழ்ந்து கண்கள் மூடின. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஜெபத்தில் பாதிக் கண்தான், அதனால் இதைச் சொல்ல முடிகிறது.

வாலு தன் ஊன்றுகோலை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்கத் தயங்கினாள். அவள் கையில் திணித்துவிட்டு, பாதங்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடட்டுமா?"

"மூடு."

மூடினாள். போதகர் ஆண்டவரின் இரக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மெலிந்த அந்தக் கால் நடுங்கியது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது, அப்பாவின் கை நீண்டது, தொடவில்லை. அவள் தானாகவே நிமிர்ந்துகொண்டாள். கடைசி வரிசையில் பிசியோ அம்மா எழுந்து நின்று, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபமாக இருக்க வழியில்லை, எண்ணிக்கொண்டிருந்திருப்பார். மூன்று எப்போதோ தாண்டிவிட்டது. பிள்ளையின் இமைகள் இறுகித் துடித்தன. உள்ளே சக்கரம் உருளுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் ஓரத்திலிருந்து பூனை நடை நடந்து வந்தார். கஞ்சியின் விறைத்த சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஜெபம் நடக்குதுண்ணே, சபை பாக்குது, இப்பவாவது கண்ணை மூடுங்க" என்று கிசுகிசுத்தார்.

கஞ்சி மகளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. போதகரின் ஜெபத்துக்குக் குறுக்கே, ஆலயம் அதிர, சொன்னார்:

"முடியாது. எம் பொண்ணு மூடியிருக்கா."